இறகு கொட்டிய கோழிகளைத் தேற்றியது: வேலந்தாவளம் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து

எங்கள் தோட்டம் வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில் இருக்கிறது. ரேஷன் கார்டு கேரளாவில், சந்தை பொள்ளாச்சியில், வீட்டுக்குள் பேச்சு கொங்குத் தமிழ். கோவிந்தாபுரம் பக்கம் தோப்பு வைத்திருந்த சித்தப்பா இந்தச் சித்திரையில் அதை விற்றுவிட்டு மகனோடு கோயமுத்தூருக்குப் போனார். போகும்போது தன் கோழிகளை எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, கொண்டுவந்து இறக்கிவிட்டார். இருபது சொச்சம் இருக்கும். பெரும்பாலும் சிறுவிடை என்கிற சிறிய நாட்டுக்கோழி, பெருவிடை என்கிற பெரிய நாட்டுக்கோழியின் கலப்பில் சில, கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் மூன்று, திருச்சூர் பக்கத்து மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ இனத்தில் நாலைந்து, சேவல் இரண்டு.

எல்லாமே பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்றுக்கு முதுகு மொட்டை, ஒன்றுக்கு வால் இல்லை, ஒன்றுக்கு வயிற்றுப் பக்கம் சிவந்த தோல். மொட்டையாகாத கோழிகளின் இறகும் மினுமினுப்பு இல்லாமல் நைந்து கிடந்தது.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அம்மாயி, "அத்தனையும் பேன் கண்ணு, சாம்பலைப் போட்டு விடு" என்றார். தீவனக் கடைக்காரர், "சத்துக் குறைவுங்க, டானிக் ஊத்துங்க" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், "இறகு உதிர்க்கிறதுங்க, தன்னால முளைச்சுக்கும்" என்றார். மூன்று பேர் சொன்னதும் சரிதான், ஆனால் ஒரே கோழிக்கு அல்ல. மொட்டை என்று பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. காரணம் மட்டும் ஐந்தாறு. ஒன்றுக்கு மருந்து வேண்டும், ஒன்றுக்குத் தீனி வேண்டும், ஒன்றுக்குச் சேவலைப் பிரிக்க வேண்டும், ஒன்றை ஒன்றுமே செய்யாமல் விட வேண்டும். எந்தக் கோழி எந்த வகை என்று பிரித்தெடுத்ததுதான் இந்த ஆறு மாத வேலையில் பாதி.

பிரிப்பதற்கு நான் வைத்துக்கொண்ட வழி இது. இறகு எப்படிப் படிந்திருக்கிறது என்பது கோழியின் இன்றைய நிலை. இறகு எப்படி வளர்ந்திருக்கிறது என்பது பல வாரங்களுக்கு முந்தைய நிலை. முழுதாக வளர்ந்த இறகு நம் நகம் போல உயிரில்லாத பொருள். அதில் வந்த பழுது அது உதிரும்வரை அப்படியே இருக்கும். ஆகவே நைந்த இறகோடு நன்றாக இருக்கிற கோழியும் உண்டு, பளபள இறகோடு சாகக் கிடக்கிற கோழியும் உண்டு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி மருந்து வீணாகப் போகிறது என்பது என் எண்ணம்.

கையால் தொடும் முன்

காலையில் கூண்டைத் திறந்ததும் தீனி போடாமல் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பேன். நல்ல கோழி இறகை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு விறைப்பாக வெளியே வரும், ஒருமுறை உதறும், மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடும். உடம்பு முடியாத கோழி இறகை உப்பிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறக்கும். எங்கள் பக்கம் "கோழி தூங்குது" என்பார்கள். பகலில் கோழி தூங்கினால் அன்றே கவனிக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

கோழியின் சாதாரண உடல் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். நமக்கு அது கடுங்காய்ச்சல். அந்தச் சூட்டை வைத்துக்கொள்ளத்தான் அது இறகை உப்பி, நடுவில் காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாளைக்குள் புகுந்து அடிக்கும்போது எல்லாக் கோழியும் கொஞ்சம் உப்பித்தான் நிற்கும். வெயில் ஏறியதும் படிந்துவிட்டால் கவலை இல்லை. பத்து மணி வெயிலிலும் உப்பிக்கொண்டு மூலையில் நிற்பதுதான் நோயாளி. பங்குனி, சித்திரை வெயிலில் இதற்கு நேர் எதிர்: இறகை ஒட்டப் படியவிட்டு, இறக்கைகளை உடம்பில் இருந்து விலக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அது வெக்கை. நிழலும் தண்ணீரும் கொடுத்தால் போதும். இறக்கை தொங்குவது வேறு, விலக்கிப் பிடிப்பது வேறு. தொங்கினால் கோழிக்குத் தெம்பு இல்லை என்று பொருள்.

வந்த கோழிகளில் ஒரு வெடை, அதாவது இளங்கோழி, இப்படித்தான் இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கியது. மொட்டை இல்லை, பேன் இல்லை, இறகு ஒவ்வொன்றும் முழுசாக இருந்தது. பின்பக்கத்தில் மட்டும் எச்சம் ஒட்டிக் கெட்டிப்பட்டிருந்தது. எச்சத்தில் லேசாக ரத்தம். அந்த எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்து மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு டாக்டர் ரத்தக்கழிச்சல் என்றார். தண்ணீரில் கலக்க ஆம்ப்ரோலியம் என்ற மருந்தை எழுதித் தந்தார். கூண்டுத் தரையின் ஈரத்தைப் போக்கச் சொன்னார். தரையில் தென்னை நாரைக் கொட்டி ஈரமானதை அவ்வப்போது வாரிப் போட்டேன். வெடை தேறியது.

பின்பக்கத்து இறகைத் தினமும் பார்க்கிற பழக்கம் அதில் இருந்துதான் வந்தது. சுத்தமாகவும் பஞ்சு மாதிரியும் இருந்தால் குடல் சரியாக இருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒட்டியிருந்தால் உடனே அந்தக் கோழியைக் கொடாப்பில், அதாவது கோழி கவிழ்க்கிற கூடையில், போட்டுத் தனியாக வைக்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறகை உப்பிக்கொண்டு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல். அது வந்தபிறகு மருந்து கிடையாது. குஞ்சுப் பருவத்தில் சொட்டு மருந்தும், எட்டு வாரம் ஆனதும் இறக்கைத் தோலடியில் ஊசியும் போட்டுவைப்பதுதான் ஒரே காப்பு.

ராத்திரிச் சோதனை

பகலில் துரத்திப் பிடித்தால் கோழி மிரளும், இறகு இன்னும் கொட்டும். இருட்டியபின் கோழி அசையாது. தலையில் கட்டும் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பரணில், அதாவது அவை ராத்திரி உட்காரும் கட்டையில், இருந்து எடுத்து மடியில் வைத்துப் பார்த்தோம். நான் பிரிக்க, வீட்டுக்காரி நோட்டில் எழுதினாள். காலில் கலர் கலராகக் கம்பளி நூல் கட்டிவிட்டோம். சிவப்பு நூல் பேன், மஞ்சள் சேவல், பச்சை கொத்து, நூல் இல்லாதது இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்று.

முதலில் பின்பக்கம். இறகை எதிர்த்திசையில் விரலால் தள்ளினால் அடித்தோல் தெரியும். பேன் இருந்தால் வைக்கோல் நிறத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் ஓடும். வெளிச்சம் பட்டதும் ஒளியப் பார்க்கும், அதனால் பிரித்த நொடியிலேயே கண் அங்கே இருக்க வேண்டும். பேன் ஓடிவிட்டாலும் ஈர் ஓடாது. இறகின் அடித்தண்டைச் சுற்றி வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக, சுண்ணாம்பு அப்பிய மாதிரி ஒட்டியிருக்கும். நாலைந்து கோழிக்கு அப்படித்தான் இருந்தது. கோழிப்பேன் ரத்தத்தைவிட இறகையும் தோலின் செதிளையும்தான் அதிகம் தின்னும். அதனால் அது பிடித்த கோழியின் இறகு ஓரமெல்லாம் அரித்த மாதிரி பிசிறாக இருக்கும்.

இங்கே அம்மாயி சொன்ன சாம்பல் பாதி வேலை செய்தது. பேனின் வாழ்க்கை முழுக்கக் கோழியின் மேலேதான். முட்டையில் இருந்து முட்டை வரை சுமார் மூன்று வாரம். சாம்பலும் மண்ணும் பேனைக் குறைக்கும், ஈரை ஒன்றும் செய்யாது. டாக்டர் தந்த மருந்தைத் தூவினாலும் இதே கதைதான். ஆகவே பத்து நாள் இடைவெளி விட்டு இன்னொரு முறை போட்டாக வேண்டும். முதல் தடவை போட்டதும் கோழி சுகமாகத் தெரியும், இரண்டாவது தடவையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மருந்து போட்டால் எத்தனை நாளைக்கு முட்டையும் கறியும் சாப்பிடக்கூடாது என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில கோழிக்குப் பேனும் இல்லை, ஈரும் இல்லை. ஆனாலும் கொண்டை வெளுத்து, கழுத்து இறகு நைந்து, ராத்திரியில் பரணில் நிலை கொள்ளாமல் இருந்தன. அவை சாயங்காலம் கூண்டுக்குள் போகவே மறுத்தன. தென்னைமரத்து அடியில் போய் உட்காரும், நாம்தான் பிடித்துக்கொண்டு வந்து அடைக்க வேண்டும். இதற்குக் கோழியைப் பார்த்துப் பயனில்லை, கூண்டைப் பார்க்க வேண்டும். ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியை எடுத்து, கோழிகள் உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை ராத்திரியில் துடைத்தேன். துணியில் சிவப்புச் சிவப்பாகக் கோடு. அது செள்ளு, ரத்தம் குடிக்கிற சின்ன உண்ணி. பகலில் கட்டையின் விரிசலிலும் சுவர்ப் பொந்திலும் ஒளிந்திருக்கும். இருட்டியதும் ஏறி வந்து ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பகலில் கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது.

சித்தப்பாவின் கோழிகளோடு அவருடைய பரண் கட்டைகளும் வந்திருந்தன, நல்ல தென்னங்கட்டை. தென்னை வெடிக்கும், நார் பிரியும், ஒவ்வொரு விரிசலும் செள்ளுக்கு வீடு. ரத்தமே கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் அங்கே உயிரோடு கிடக்கும் என்பதால், கோழியை இடம் மாற்றிவிட்டுக் கூண்டைச் சும்மா போட்டுவைப்பது தீர்வாகாது. கட்டைகளை அடுப்புக்கு அனுப்பினேன். புதிதாகச் சவுக்குக் கம்பு, பட்டை உரித்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். முனையைச் சுவருக்குள் செருகாமல் உத்தரத்தில் இருந்து கட்டுக்கம்பியில் தொங்கவிட்டேன். இப்போது சுவருக்கும் கம்புக்கும் தொடர்பே இல்லை. ஏறுவதற்குச் செள்ளுக்கு இருக்கிற ஒரே வழி அந்தக் கம்பிதான், அதில் வாரம் ஒருமுறை எண்ணெய் தடவுகிறேன். ஆடும் கம்பில் கோழி உட்காருமா என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் ஆடாது. சுவர்ப் பொந்துகளைச் சிமென்டு பூசி அடைத்து, உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். துணியால் துடைக்கிற சோதனையை இன்னும் விடவில்லை. இப்போது துணி அழுக்காகிறது, சிவப்பதில்லை.

புழுதிக்குழியும் போட்டோம். கோழி தன் இறகைத் தானே பராமரிக்கும். வாலின் அடியில் மேல்பக்கம் ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அலகால் அதை அழுத்தி எண்ணெயை எடுத்து இறகில் தடவும். பழைய எண்ணெயும் அழுக்கும் பேனும் போவதற்குப் புழுதியில் புரண்டு உதறும். இரண்டும் நடந்தால்தான் பளபளப்பு. எங்கள் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்தால் கட்டி, நனைந்தால் களி, அதில் கோழியால் குளிக்க முடியாது. ஆற்றுமணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து, தகரக் கூரைக்கு அடியில் பழைய லாரி டயருக்குள் கொட்டி வைத்தேன். மழையில் நனையாத இடமாகப் பார்த்து வைப்பது முக்கியம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இங்கே காய்ந்த மண் கிடைக்காது.

சேவல் செய்ததும் கோழி செய்ததும்

மஞ்சள் நூல் கட்டிய கோழிகளுக்கு முதுகும் பிடரியும்தான் மொட்டை. வயிறு, வால், பின்பக்கம் எல்லாம் நன்றாக இருந்தன. உற்றுப் பார்த்தால் இறகு உதிரவில்லை, உடைந்திருக்கிறது. குச்சி குச்சியாக அடித்தண்டு நிற்கிறது. இது சேவல் ஏறி மிதித்து, பிடரியை அலகால் பிடித்ததால் வந்தது. எல்லாக் கோழிக்கும் வராது. சேவலுக்குப் பிடித்த மூன்று நாலு கோழிக்குத்தான் வரும். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துக் கோழி இருந்தால் பாரம் பரவும். எங்களிடம் எண்ணிக்கை சரியாக இருந்தும் இரண்டு சேவலும் அதே கோழிகளையே துரத்தின. பெரிய சேவலின் கால்முள்ளை அரத்தால் மழுக்கினோம், சின்னதைத் தனியாகக் கட்டிவைத்தோம்.

அதனால் முதுகு உடனே மூடிவிடவில்லை. உடைந்த இறகு அடித்தண்டோடு நிற்கும்வரை அந்த இடத்தில் புது இறகு வராது. அடுத்த இறகு மாற்றத்தில் தண்டு விழுந்தால்தான் முளைக்கும். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு என்றால் சில வாரங்களிலேயே முளைக்க ஆரம்பித்துவிடும். எனவே சேவலைப் பிரித்து ஒரு மாதம் ஆகியும் முதுகு அப்படியே இருக்கிறதே என்று மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். வெறும் முதுகில் வெயிலும் நகமும் படாமல் இருக்கச் சாக்குத் துணியில் சேணம் மாதிரி தைத்து மாட்டலாம் என்கிறார்கள். நான் மாட்டவில்லை, எங்கள் சாளையில் பெருச்சாளிக்கும் கீரிக்கும் அது பிடிகயிறு.

பச்சை நூல் கோழிகளின் கதை வேறு. வால் அடியிலும் பின்பக்கத்துக்கு மேலும் மொட்டை, தோலில் புள்ளி புள்ளியாக ரத்தக்காயம். இது ஒன்றை ஒன்று கொத்துவது. கொத்துகிற கோழியைக் கண்டுபிடிக்க எளிய வழி, கூட்டத்திலேயே எதற்கு இறகு அப்பழுக்கு இல்லாமல் இருக்கிறது என்று பார்ப்பது. மற்றவை எல்லாம் கந்தலாக நிற்க, ஒரு கிராமஸ்ரீ மட்டும் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. சாயங்காலம் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் அதுவேதான்.

கொத்துப் பழக்கம் இடநெருக்கடியில் தொடங்கும், அதிக வெளிச்சத்தில் தொடங்கும், தீனியில் புரதமோ உப்போ குறைந்தாலும் தொடங்கும். ரத்தம் பார்த்துவிட்டால் நிற்காது, சிவப்பு நிறம் கோழியைக் கூப்பிடும். காயத்தில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அப்பினோம். சிவப்பும் மறைந்தது, கசப்பும் ஆயிற்று. கூண்டுக்குள் மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் தென்னங்கீற்று கட்டினேன். அகத்திக் கொத்தையும் முருங்கைக் கொத்தையும் எட்டிப் பறிக்கிற உயரத்தில் தொங்கவிட்டேன், அலகுக்கு வேலை வேண்டுமே. அந்தக் கிராமஸ்ரீயைக் கொடாப்பில் போட்டுக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துப் பிறகு சேர்த்தேன். இடைவெளியில் மற்ற கோழிகள் தங்களுக்குள் வரிசை கட்டிக்கொண்டதால், திரும்பி வந்தபோது அது கடைசிக்குப் போயிருந்தது. ஓரளவு அடங்கியது.

நெஞ்சும் அடிவயிறும் மட்டும் வெறுமையாக இருந்த ஒரு கழுத்தறுத்தானை நூல் கட்டாமல் விட்டோம். அது அடைக்கோழி. முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் படுவதற்காகத் தானே நெஞ்சு இறகைப் பிடுங்கிக்கொள்ளும். கூடைக்குள் கை விட்டால் உறுமும், அப்பிக்கொண்டு எழுந்திருக்காது. அதற்குப் போய் மருந்து போட்டால் முட்டையும் கெடும்.

தீனி

பேனும் சேவலும் கொத்தும் போக, எல்லாக் கோழிக்கும் பொதுவாக ஒரு குறை இருந்தது. இறக்கையை விசிறி மாதிரி விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நீள இறகுகளின் குறுக்கே ஒரே நேர்கோட்டில் மெல்லிய கீறல். அந்த இடத்தில் இறகு பலமில்லாமல் கண்ணாடி போலத் தெரிந்தது, சிலவற்றில் அங்கேயே ஒடிந்திருந்தது. இறகு வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் கோழி பட்டினி கிடந்தாலோ, நோயில் விழுந்தாலோ, பெரிதாக மிரண்டாலோ அந்த நாளின் வளர்ச்சி குறைப்பட்டு இப்படிக் கோடாக நின்றுவிடும். ஒரு கோடு என்றால் ஒரு கெட்ட நாள். வரிசையாகக் கோடுகள் என்றால் தீனியே சரியில்லை.

இறகின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம், ஏறக்குறைய 90 சதவீதம். அந்தப் புரதத்துக்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள், முக்கியமாக மெத்தியோனினும் சிஸ்டீனும் வேண்டும். கோழியை உரித்து நெருப்பில் வாட்டும்போது வரும் அந்த நாற்றத்தில் கந்தகம் கலந்திருக்கிறது. சித்தப்பா போட்டது ரேஷன் அரிசியும் தேங்காய்ப் புண்ணாக்கும். இந்தப் பக்கம் எண்ணெய் ஆலைகளில் மலிவாகக் கிடைப்பது அதுதான். வயிறு நிறையும், ஆனால் தேங்காய்ப் புண்ணாக்கில் மெத்தியோனினும் லைசினும் குறைவு. கடலைப் புண்ணாக்குப் புரதத்தில் உசத்தி என்றாலும் மெத்தியோனினில் அதுவும் ஏழைதான். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நன்றாக இருக்கிறது, லைசின் குறைவு. கருவாட்டில் இரண்டும் உண்டு.

எனவே மாற்றியது இப்படி. காலையில் கம்பும் உடைத்த மக்காச்சோளமும். மதியம் எள்ளுப் புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து, அதில் உப்பில்லாத சென்னாங்குனியோ நெத்திலிப் பொடியோ ஒரு கை. உப்புக் கருவாட்டை அப்படியே போட்டால் கோழிக்கு உப்பு மிஞ்சிக் கழிச்சல் வரும், கழுவி உலர்த்தித்தான் போட வேண்டும். முட்டையிடும் கோழிகளுக்குச் சாயங்காலம் கொஞ்சம் முட்டைக்கோழித் தீவனம். அதில் புரதம் 16 முதல் 18 சதவீதம் வரை வைத்திருப்பார்கள், மெத்தியோனினும் சேர்த்திருப்பார்கள்.

இதெல்லாவற்றையும்விடக் கோழிகள் பறந்து வந்தது கரையானுக்கு. பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் ஓலைத் துண்டும் அடைத்து, தண்ணீர் தெளித்து, தோப்பில் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் ஏறியிருக்கும். வெயில் வருமுன் எடுத்துக் கொட்ட வேண்டும், தாமதித்தால் இறங்கிவிடும். செலவில்லாத புரதம், தென்னங்கன்றுக்கும் நல்லது.

ஆவணியில்

புதுத் தீனியால் பழைய இறகு ஒன்றும் மாறாது என்று தெரியும். பதில் இறகு மாற்றத்தில்தான் கிடைக்கும். ஜூன் 21-க்குப் பிறகு பகல் குறைகிறது. எங்கள் பக்கம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுத்தான் கூட, வடக்கே இருக்கிற மாதிரி எல்லாக் கோழியும் ஒரே சமயத்தில் உதிர்ப்பதில்லை. ஆடி கடைசியில் ஒன்று தொடங்கியது, ஆவணியில் பாதிக் கூட்டம்.

முறையாக வருகிற உதிர்தலுக்கு வரிசை உண்டு: தலை, கழுத்து, நெஞ்சு, உடம்பு, பிறகு இறக்கையும் வாலும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதிரும். தோலில் காயம் இருக்காது. மொட்டையான இடத்தில் நீலம் பாய்ந்த முள்ளு முள்ளாக முளை தெரியும். இந்த மூன்றும் இருந்தால் மருந்தைத் தொடாதீர்கள். முளைக்கிற இறகின் உறைக்குள் ரத்தம் ஓடுகிறது, ஒடிந்தால் ரத்தம் வரும், தொட்டாலே கோழிக்கு வலிக்கும். அந்த வாரங்களில் பிடித்துப் பார்க்கிற வேலையை நிறுத்திவிட்டோம். முட்டையும் நிற்கும், அல்லது குறையும். வருகிற புரதம் எல்லாம் இறகுக்குப் போகிறது. அந்த நேரத்தில் முட்டைதான் இல்லையே என்று தீனியைக் குறைப்பவர்கள் உண்டு. கூட்ட வேண்டிய நேரம் அதுதான்.

இறக்கையை விரித்தால் வெளிப்பக்கத்தில் பத்து நீள இறகு, உள்பக்கத்தில் இன்னொரு வரிசை, இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டை இறகு. பத்தில் உதிர்வது குட்டை இறகை ஒட்டிய முதலாவதில் இருந்து தொடங்கி நுனியை நோக்கிப் போகும். ஆகவே பாதி மாறிய இறக்கையில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எங்களுக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். ஒரே இறக்கையில் நுனிப்பக்கத்து இறகுகளில் சித்தப்பா வீட்டுக் கோடுகள், உள்பக்கத்துப் புது இறகுகளில் கோடே இல்லை, ஓரம் வெட்டியது போல நேராக இருந்தது. கறுப்புச் சிறுவிடை ஒன்றின் புது இறகில் பச்சை மினுக்கு வந்திருந்தது. தீவனக் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். "டானிக் ஊத்தியிருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருக்குமுங்க" என்றார். சரி, வியாபாரம்.

எல்லாம் நேராகவில்லை. ஒரு பெருவிடைக் கலப்புக்குப் புது இறகிலும் இரண்டு கோடு. அது ஆடியில் நாய் துரத்திக் கிணற்றடியில் மாட்டிக்கொண்டது, அந்த மிரட்சியாக இருக்கலாம்.

இறகை நம்பக்கூடாத இடங்கள்

பொள்ளாச்சிச் சந்தையில் வியாழக்கிழமை கோழி வாங்குகிறவர்கள் பளபள என்று இருப்பதைத்தான் தூக்குவார்கள். முட்டைக்கு வாங்குவதென்றால் நான் அப்படி வாங்க மாட்டேன். மாதக்கணக்கில் விடாமல் முட்டையிட்ட கோழியின் இறகு தேய்ந்து, வால் நைந்துதான் இருக்கும். அது கடைசியாகத்தான் இறகு உதிர்க்கும், உதிர்க்கும்போது இரண்டு மூன்று இறகாக ஒன்றாகக் கொட்டிச் சீக்கிரம் முடித்துக்கொண்டு முட்டைக்குத் திரும்பும். சோம்பேறிக் கோழி சீக்கிரமே தொடங்கி ஒவ்வொன்றாக இழுத்தடிக்கும். கொண்டை சிவப்பாக, கண் தெளிவாக, இறகு மட்டும் கந்தலாக ஒரு கோழி கிடைத்தால் விலை பேசாமல் எடுத்துக்கொள்ளலாம்.

கழுத்தறுத்தானைப் பார்த்து, கழுத்துக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பிறவி. உடம்பிலும் இறகு குறைவுதான், அதனாலேயே வெக்கையை நன்றாகத் தாங்கும். இறகு சுருண்டு நிற்கிற சுருட்டைக் கோழியும் அப்படித்தான், நோய் இல்லை.

பறவைக்காய்ச்சல் விஷயத்தில் இறகு எதையும் முன்கூட்டிக் காட்டாது. 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும், 2024 ஏப்ரலில் மறுபடி ஆலப்புழையிலும் வந்தபோது, இந்தப் பக்கத்துச் சோதனைச் சாவடிகளில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடித்தார்கள், கோழி ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மாதிரி நோயில் நேற்று மேய்ந்த கோழி இன்று செத்துக் கிடக்கும், இறகு அழகாகத்தான் இருக்கும். ஒன்றுக்கு மேல் திடீரென்று செத்தால் இறகைப் பிரித்துப் பார்க்காமல், வெறும் கையால் தொடாமல், மிருகாசுபத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ஐப்பசி. சிவப்பு நூல் எல்லாம் அவிழ்த்தாயிற்று. மஞ்சள் நூலில் இரண்டு பாக்கி, முதுகுத் தண்டுகள் இன்னும் விழவில்லை. சின்னச் சேவலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டிருக்கிறார். கிராமஸ்ரீ மறுபடி வாலைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. அதை விற்பதா குழம்பு வைப்பதா என்று வீட்டில் இரண்டு கட்சி, முட்டை மட்டும் நன்றாக இடுவதால் முடிவாகவில்லை. துலாமழை என்கிற ஐப்பசி மழை வலுப்பதற்குள் குஞ்சுக் கூண்டிலும் தென்னங்கட்டையை எடுத்துவிட்டுச் சவுக்கு தொங்கவிட வேண்டும். கம்பு வாங்கி வைத்தாயிற்று, பட்டை உரிக்கத்தான் ஆள் வேண்டும்.